நோவுக் குளிசைகளின் தொழிற்பாடும் பக்க விளைவுகளும்: திரியாய் உழவரை முன்னிறுத்திய ஒரு நோக்கு

திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை நோக்கி வடக்கே செல்லும் கரையோரப் பாதையில், நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் அமைந்துள்ள நெற்செய்கைக் கிராமம் திரியாய். வரலாற்றாய்வாளர் இவ்வூரை அதன் குன்றின் மேலுள்ள பழைய பௌத்தத் தலத்தாலும் அங்குள்ள வடமொழிக் கல்வெட்டாலும் நன்கறிவர். அக்குன்றின் அடியிலே குளத்தையும் மழையையும் நம்பி வயல் செய்வோரின் உடல்நிலை பற்றி ஆய்வேடுகள் அதிகம் பேசியதில்லை. நாம் ஈண்டு எடுத்துக்கொள்வது அவ்வுடலையும், அது நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு சிறு பொருளையுமே.

பெரும்போக அறுவடை முடிவுறும் காலத்தில் ஓர் உழவரின் மாலைப்பொழுதை எண்ணிப் பார்ப்போம். வெயிலில் குனிந்து நின்றதால் நாரி பிடித்திருக்கின்றது, முழங்கால் உளைகின்றது, தலையிடிக்கின்றது. மறுநாளும் வயலுக்குச் செல்ல வேண்டும். ஓய்வெடுத்தால் கூலி இல்லை. எனவே கடையில் இரண்டு குளிசை வாங்கி விழுங்கிவிட்டு உறங்குகின்றார். காலையில் நோவு தணிந்திருக்கின்றது. இது திரியாய்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. உடலுழைப்பால் வாழும் மக்கள் உள்ள இடமெங்கும் காணப்படுவது. ஆயினும் அக்குளிசை உடலினுள் என்ன செய்கின்றது என்பதை அதனை உட்கொள்பவர்க்கு எவரும் விளக்குவதில்லை. அவ்விளக்கத்தைத் தமிழில் தருவதும், அதிலிருந்து பெறப்படும் சமூகக் கடமையொன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோவின் தோற்றம்

நோவு நோயன்று, உடலின் எச்சரிக்கை. தசையோ மூட்டோ காயமுறும்போது அங்குள்ள கலங்களின் மென்சவ்வுகளிலிருந்து அரகிடோனிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் விடுபடுகின்றது. சைக்கிளோஒட்சிசனேசு என்னும் நொதியம் இவ்வமிலத்தை மாற்ற, புறொஸ்ரகிளாண்டின்கள் எனப்படும் பொருட்கள் உருவாகின்றன. இவை நரம்பு முனைகளைக் கூருணர்வுடையனவாக்குகின்றன. இதனால், சாதாரண வேளையில் உணரப்படாத சிறு அழுத்தமும் நோவாக உணரப்படுகின்றது. காயமுற்ற இடம் சிவந்து வீங்குவதிலும் இவற்றுக்குப் பங்குண்டு. காய்ச்சலின்போது இவையே மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் தொழிற்பட்டு, உடல் வெப்பநிலை பேணப்படும் அளவை உயர்த்துகின்றன.

இந்த நொதியத்தைத் தடுத்தால் நோவு, வீக்கம், காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒருங்கே தணியும். அஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினக், மெபெனமிக் அமிலம், நப்புறொக்சென் முதலிய மருந்துகள் செய்வது இதனையே. காயத்தை அவை ஆற்றுவதில்லை. காய்ச்சலுக்குக் காரணமான கிருமியைக் கொல்வதுமில்லை. எச்சரிக்கை மணியின் ஓசையைக் குறைக்கின்றன.

அஸ்பிரினின் வரலாறு

வில்லோ மரப்பட்டை காய்ச்சலைத் தணிக்கும் என்பது ஐரோப்பியக் கிராம மக்கள் பலர் அறிந்ததொன்று. 1763இல் எட்வேட் ஸ்ரோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் அப்பட்டையின் தூளைக் காய்ச்சலுற்றோர்க்குக் கொடுத்துக் கண்ட பயனை இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதினார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அதிலிருந்து சலிசிலிக் அமிலத்தைப் பெறும் வழி அறியப்பட்டது. அது இரைப்பையைக் கடுமையாக உறுத்தியது. 1897இல் ஜேர்மனியின் பாயர் நிறுவனத்தில் அதன் மாற்றுருவான அசற்றைல் சலிசிலிக் அமிலம் தூய நிலையில் ஆக்கப்பட்டது; 1899இல் அஸ்பிரின் என்னும் வணிகப்பெயர் பதிவு செய்யப்பட்டது.

உலகெங்கும் கோடிக்கணக்கானோர் உட்கொண்ட இம்மருந்து எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது. 1971இல் ஜோன் வேன் என்னும் ஆங்கில மருந்தியலாளர், அஸ்பிரினும் அதனையொத்த மருந்துகளும் புறொஸ்ரகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கின்றன என நிறுவினார். இதற்காகவும் தொடர்புடைய ஆய்வுகளுக்காகவும் 1982இல் அவருக்கும், சுவீடனைச் சேர்ந்த பேர்க்ஸ்ரொம், சாமுவெல்சன் ஆகியோருக்கும் நொபெல் பரிசு வழங்கப்பட்டது. இக்கண்டுபிடிப்பின் சிறப்பு யாதெனில், மருந்தின் பயனையும் அதன் தீங்கையும் ஒரே காரணத்தால் விளக்கியமையாகும்.

பயனும் தீங்கும் ஒரே வினையின் இரு முகங்கள்

புறொஸ்ரகிளாண்டின்கள் காயமுற்ற இடத்தில் மட்டும் உருவாகுபவையல்ல. நலமான உடலிலும் அவை இடையறாது பல காவற்பணிகளைப் புரிகின்றன. குளிசையோ இந்த இடத்தில் தடு, அந்த இடத்தில் விடு எனப் பிரித்தறிய வல்லதன்று. பக்க விளைவு என நாம் கூறுவது, மருந்தின் அதே வினை நாம் விரும்பாத உறுப்பில் நிகழ்வதையே பெரிதும் குறிக்கும்.

முதலாவது, இரைப்பை. அதன் உட்சுவரை அமிலத்திலிருந்து காக்கும் சளிப்படையும் அச்சுவருக்கான குருதியோட்டமும் புறொஸ்ரகிளாண்டின்களால் பேணப்படுகின்றன. அவை குறையும்போது இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் உண்டாகலாம். அதிலிருந்து குருதி கசியலாம். மலம் தார்போலக் கறுத்துப் போவது இதன் அறிகுறி. நோவைத் தணிக்கும் மருந்தே புண்ணின் நோவையும் மறைத்துவிடுமாதலால், முன்னறிகுறியின்றியே குருதிப்பெருக்கு நிகழ்வதுமுண்டு. ஊசியாக ஏற்றினாலோ மலவாயில் வைத்தாலோ வயிற்றுக்குத் தீங்கில்லை என்பது தவறான நம்பிக்கை. எவ்வழியிற் சென்றாலும் மருந்து குருதியிற் கலந்து இரைப்பையை அடையும். உணவின்பின் உட்கொள்வது உறுத்தலைக் குறைக்குமேயன்றி இவ்வாபத்தை முற்றாக நீக்காது.

இரண்டாவது, குருதி உறைதல். குருதிச் சிறுதட்டுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் துவாரத்தை அடைப்பதற்குத் துரொம்பொட்சேன் என்னும் பொருள் தேவை. அதனை ஆக்குவதும் மேற்கூறிய நொதியமே. அஸ்பிரின் இந்நொதியத்தை மீளாவகையிற் செயலிழக்கச் செய்கின்றது. சிறுதட்டுக்குக் கரு இல்லையாதலால் புதிய நொதியத்தை அதனால் ஆக்க இயலாது. தன் ஆயுட்காலமான ஏழு முதல் பத்து நாள்வரை அது செயலிழந்தே இருக்கும். மாரடைப்பு வந்தோர்க்கு 75 மி.கி. அளவிற் சிறிதளவு அஸ்பிரினை நாள்தோறும் கொடுப்பது இதன் பயன்பாடு. குருதி பெருகும் ஆபத்துள்ள வேளையில் அதுவே தீங்காகின்றது.

மூன்றாவது, சிறுநீரகம். எமது நோக்கிற்கு மிக முக்கியமானது இதுவே. உடலில் நீர் போதுமானதாக உள்ளபோது சிறுநீரகம் புறொஸ்ரகிளாண்டின்களைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. வியர்வையாலோ வயிற்றோட்டத்தாலோ நீர் குறைந்து குருதியின் கனவளவு சுருங்கும்போது, உடல் தன் குருதிக்குழாய்களை இறுக்கிக்கொள்கின்றது. அவ்வேளையில் சிறுநீரகத்துக்குக் குருதி செல்லும் நுண்குழாயைத் திறந்து வைத்திருப்பவை புறொஸ்ரகிளாண்டின்களே. அந்நேரத்தில் நோவுக் குளிசை அவற்றைத் தடுத்தால் சிறுநீரகத்தின் குருதியோட்டம் சடுதியாகக் குறையும். நிழலில் அமர்ந்து போதிய நீர் அருந்துபவர்க்குத் தீங்கு செய்யாத அதே குளிசை, வெயிலில் நாள் முழுதும் வியர்த்தவர்க்குத் தீங்கு செய்யக்கூடும்.

இவற்றோடு, சிலருக்கு இம்மருந்துகள் தொய்வைத் தூண்டும். கருவுற்ற பெண்கள், குறிப்பாகக் கடைசி மாதங்களில், இவற்றைத் தவிர்த்தல் வேண்டும்.

1990களின் தொடக்கத்தில் இந்நொதியத்துக்கு இரு வடிவங்கள் உண்டென அறியப்பட்டது. முதல்வடிவம் இரைப்பை முதலியவற்றிற் காவற்பணி புரிவதென்றும், இரண்டாம்வடிவம் அழற்சியின்போது பெருகுவதென்றும் கருதி, இரண்டாவதை மட்டும் தடுக்கும் மருந்துகளை நிறுவனங்கள் ஆக்கின. வயிற்றுத் தீங்கு குறைந்ததாயினும் இதயத் தீங்கு தலைகாட்டியது. குருதிக்குழாயை விரித்து உறைதலைத் தடுக்கும் பொருள் குறைய, உறைதலைத் தூண்டும் பொருள் மட்டும் குறையாதிருந்தமை இதற்கு ஒரு விளக்கமாகும். 1999இல் சந்தைக்கு வந்த றொபெகொக்சிப், மாரடைப்பும் பக்கவாதமும் அதிகரித்தமை தெரியவந்ததால், 2004 செப்ரெம்பரில் உலகச் சந்தையிலிருந்து மீளப்பெறப்பட்டது. தீங்கே அற்ற நோவுக் குளிசையைத் தேடிய முயற்சியின் படிப்பினை இது.

பரசிற்றமோல்

எமது மக்கள் பனடோல் என வணிகப்பெயராலேயே அழைக்கும் பரசிற்றமோல் மேற்கூறிய கூட்டத்திற் சேராதது. 1893இல் முதன்முதலாக நோயாளருக்குக் கொடுக்கப்பட்ட இம்மருந்து நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டு, 1948இல் புறொடி, அக்செல்றொட் ஆகியோரின் ஆய்வின் பின்னரே மீண்டும் கவனம் பெற்றது. இது பெரிதும் மூளையிலும் முண்ணாணிலும் தொழிற்படுகின்றது எனக் கருதப்படுகின்றது. அதன் முழு விளக்கம் இன்னும் முடிந்த முடிபாகவில்லை. காய்ச்சலையும் நோவையும் தணிக்கும். வீக்கத்தை அதிகம் குறைக்காது. உரிய அளவில் இரைப்பையையும் குருதிச் சிறுதட்டுக்களையும் பெரிதும் பாதிப்பதில்லை.

ஆயின் இதன் ஆபத்து ஈரலில் உள்ளது. ஈரல் இம்மருந்தை மாற்றும்போது அதில் ஒரு சிறுபகுதி நச்சுப்பொருளாகின்றது. குளுற்றதயோன் என்னும் பொருள் அந்நஞ்சை உடனுக்குடன் நீக்குகின்றது. அளவு மிஞ்சினால் குளுற்றதயோன் தீர்ந்துபோக, நஞ்சு ஈரற்கலங்களை அழிக்கும். வளர்ந்தவர் ஒருவர் 24 மணிநேரத்தில் உட்கொள்ளத்தக்க உச்ச அளவு 4 கிராம், அதாவது 500 மி.கி. குளிசைகள் எட்டு. மெலிந்த உடலினர், மதுப்பழக்கமுள்ளோர், ஈரல் நோயாளர் ஆகியோர்க்கு இவ்வளவும் மிகையாகலாம். அளவு மீறியவர்க்கு முதல்நாளில் பெரும் அறிகுறி எதுவும் தோன்றாதிருக்கலாம். அதனைக் கண்டு ஆறுதலடைதல் ஆபத்து. அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்து உண்டு. அது முதல் எட்டு மணிநேரத்தினுள் கொடுக்கப்படுமாயின் மிகுந்த பயன் தரும்.

தடிமனுக்கென விற்கப்படும் கலவைக் குளிசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு. தடிமனுக்கு ஒன்றும் தலையிடிக்கு இன்னொன்றுமாக உட்கொள்பவர் ஒரே மருந்தை இருமுறை உட்கொள்கின்றார். அவர் அறிந்தது இரு வணிகப்பெயர்களை மட்டுமே.

அபினிவழி மருந்துகள்

மூன்றாவது கூட்டம் மோபீன், கொடெயின், திறமடோல் முதலியன. இவை காயமுற்ற இடத்தை விடுத்து, மூளையிலும் முண்ணாணிலும் உள்ள ஏற்பிகளோடு இணைந்து நோவுச் செய்தியை அடக்குகின்றன. புற்றுநோய், பெருங்காயம், சத்திரசிகிச்சை ஆகியவற்றின் நோவுக்கு இவை இன்றியமையாதவை. மலச்சிக்கல், மயக்கம், அளவு மிஞ்சின் மூச்சொடுக்கம், நெடுநாட் பாவனையில் பழக்க அடிமைத்தனம் ஆகியன இவற்றின் தீங்குகள். வைத்தியரின் கண்காணிப்பின்றி இவற்றைக் கையாளுதல் தகாது.

வயலில் நேரும் நான்கு நிலைமைகள்

மேற்கூறிய பொது அறிவைத் திரியாய் உழவரின் வாழ்வோடு பொருத்திப் பார்ப்போம்.

ஒன்று, வெப்பமும் நீரிழப்பும். 1990கள் முதல் வடமத்திய மாகாணத்தில் காரணம் தெளிவாகாத நீடித்த சிறுநீரக நோய் உழவரிடையே பரவலாகக் காணப்பட்டு வருகின்றது. திரியாய் அமைந்துள்ள அதே திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுரப் பகுதியும் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் அடங்கும். குடிநீரின் தன்மை, விவசாய இரசாயனங்கள், வெப்பமும் நீரிழப்பும் எனக் காரணங்கள் பல ஆராயப்படுகின்றன. முடிந்த முடிபு எட்டப்படவில்லை. நோவுக் குளிசைதான் இதற்குக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஏலவே தளர்ந்த சிறுநீரகத்தை அது மேலும் தளர்விக்கும் என்பதில் ஐயமில்லை. குருதியமுக்கத்துக்கு லொசாட்டன் அல்லது எனலபிறில் குளிசையும் சிறுநீர் பெருக்கும் குளிசையும் எடுப்பவர், நாரி நோவுக்காக டைக்குளோபினக்கையும் சேர்ப்பாராயின், மூன்று மருந்துகளும் மூன்று வழியால் சிறுநீரகத்தைத் தாக்கும். வயிற்றைக் காக்கவென உடன் கொடுக்கப்படும் ஒமெப்பிரசோல் இரைப்பையைக் காக்குமேயன்றிச் சிறுநீரகத்தைக் காக்காது.

இரண்டு, டெங்கு. 2017இல் இலங்கையில் 1,86,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். அவ்வாண்டின் தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா பெரிதும் பாதிப்புற்றது. டெங்கில் குருதிச் சிறுதட்டுக்களின் தொகை குறைகின்றது. குருதித் திரவம் குழாய்களிலிருந்து கசிகின்றது. அஸ்பிரின், இபுபுரோபென், டைக்குளோபினக் ஆகியன எஞ்சிய சிறுதட்டுக்களையும் செயலிழக்கச் செய்து, இரைப்பையிலும் குருதி கசியச் செய்யும். எனவே காய்ச்சலின் காரணம் தெரியும்வரை பரசிற்றமோல் ஒன்றே உரியது. டெங்கு ஈரலையும் தாக்குமாதலால் அதனையும் அளவு மீறலாகாது.

மூன்று, எலிக்காய்ச்சல். சேற்றுநீரில் வேலை செய்வோரைத் தாக்கும் இந்நோய் 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோரிடம் பதிவாகியது. கெண்டைக்காலிலும் நாரியிலும் கடும் நோவு இதன் அறிகுறி. வேலை மிகுதியால் வந்த உளைவு என எண்ணி நோவுக் குளிசை உட்கொண்டு நாட்களைக் கழிப்பவர், அந்நோய் தாக்கும் அதே சிறுநீரகத்தைத் தாமும் தாக்குகின்றார். நுண்ணுயிர்க்கொல்லி பெறவேண்டிய காலத்தையும் இழக்கின்றார்.

நான்கு, பாம்புக்கடி. நெல் வயல்களிற் கடிப்பனவற்றுள் கண்ணாடிப் புடையன் எனப்படும் கண்ணாடி விரியன் கொடியது. அதன் நஞ்சு குருதி உறையாதவாறு செய்யும், சிறுநீரகத்தையும் அழிக்கும். கடிவாயின் நோவுக்கு அஸ்பிரினோ டைக்குளோபினக்கோ கொடுத்தல் நஞ்சின் வேலைக்குத் துணைபோவதாகும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே செய்யத்தக்கது.

இந்நான்கு நிலைமைகளிலும் தொடக்கத்தில் உழவர் உணர்வது உடல்நோவையும் காய்ச்சலையும் தலையிடியையுமே. ஒவ்வொன்றிலும் எக்குளிசை என்பதே நன்மை தீமையை நிர்ணயிக்கின்றது.

உழைப்பும் குளிசையும்

நோவை மறைத்துக்கொண்டு உழைப்பது எமது உழவரிடம் மட்டும் கண்டதன்று. சுவீடனின் ஹுஸ்க்வார்னா நகர ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளரிடையே, 1918 இன்புளுவென்சாக் கொள்ளைநோய்க் காலத்தில் ஒரு வைத்தியரின் நோவுத்தூள் வழக்கத்துக்கு வந்தது. கொள்ளைநோய் நீங்கிய பின்னும் தூள் நீங்கவில்லை. வேலைத்திறனைக் கூட்டுவதாக நம்பித் தொழிலாளர் அதனை நாள்தோறும் உட்கொண்டனர். பல்லாண்டுகளின் பின் அவர்களுட் பலர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தமையை 1960களில் வெளிவந்த ஆய்வுகள் புலப்படுத்தின. அத்தூளில் இருந்த பெனசிற்றின் என்னும் மருந்து பின்னர் பெரும்பாலான நாடுகளில் கைவிடப்பட்டது. ஒரு காலத்தில் ஏ.பி.சி. என வழங்கிய குளிசையிலும் அஸ்பிரினோடும் கபீனோடும் இருந்தது இதுவே. ஓய்வு மறுக்கப்படும் இடத்தில் குளிசை ஓய்வின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. ஆகவே தவறு உழவரின் அறியாமையில் மட்டும் உள்ளதெனக் கூறுதல் நேர்மையாகாது.

பெயரறியும் உரிமை

இவ்விடத்தில் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர்தல் பொருத்தமாகும். வைத்தியரும் இடதுசாரித் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971இல் அவர் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. அதன் முதல் தலைவரும் அவரே. நாட்டில் வழங்கிய ஏறத்தாழ 2,100 மருந்துகளை 600 அளவிற்குச் சுருக்கியமையும், மருந்துகளை வணிகப்பெயரால் அன்றிப் பொதுப்பெயரால் வழங்கவேண்டும் என வலியுறுத்தியமையும் அவரது கொள்கையின் தூண்கள். உலக சுகாதார நிறுவனம் தனது முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்ட 1977ஆம் ஆண்டிலேயே அவர் கயானாவிற் காலமானார். 2015இல் நிறைவேறிய சட்டத்தின் வழி அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அவரது கொள்கையின் நெடுங்காலத் தாமதமான ஒரு பேறு எனலாம்.

பொதுப்பெயர்க் கொள்கை விலைக்குறைப்பிற்கான வழி என்றே பெரிதும் பேசப்படுகின்றது. அது உண்மையே, ஆயின் முழுமையன்று. பெயர் எழுதாத கடதாசிப் பையில் குளிசை பெறுபவர், தாம் உட்கொண்டது பரசிற்றமோலா டைக்குளோபினக்கா என்பதை அறியார். டெங்குக் காய்ச்சலோடு வைத்தியசாலைக்குச் சென்று, என்ன குளிசை எடுத்தீர்கள் என வினவப்படும்போது, வெள்ளைக் குளிசை என்பதே அவரது விடையாகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டபோது, வழக்கமான வணிகப்பெயர் கிடைக்காதோர் மாற்றை இனங்காணவும் பொதுப்பெயரே துணையாயிற்று. பொதுப்பெயரை அறிதல் நுகர்வோரின் வசதி என்பதற்கும் மேலாக, உயிர்காப்புச் சார்ந்த உரிமையாகும்.

எனவே நாம் வேண்டுவன மூன்று. கையளிக்கப்படும் ஒவ்வொரு குளிசைப் பையிலும் மருந்தின் பொதுப்பெயரும் அளவும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்படல் வேண்டும். சுகாதார நிலையங்களும் கமக்காரர் அமைப்புகளும் விதைப்புக்கும் அறுவடைக்கும் முன் மேற்கூறிய நான்கு நிலைமைகளை உழவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மருந்தியல் அறிவை மக்கள் விளங்கும் தமிழில் எழுதி ஊர்களுக்கு அனுப்புதல் வேண்டும். முதலிரண்டும் பிறர் கையில் உள்ளன. மூன்றாவது எம் கையில் உள்ளது. திரியாய்க் குன்றின் கல்வெட்டைப் படித்தறிய நாம் செலவிட்ட உழைப்பில் ஒரு பகுதியேனும், அக்குன்றின் அடியில் வாழ்வோர் தம் குளிசைப் பையைப் படித்தறியச் செலவிடப்படுமாயின், அது எம் துறைக்கும் பெருமை சேர்க்கும்.